வேறொருவருக்குப் போன பதில்

1

இந்தக் கதை எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தவரிடமிருந்து கிடைத்தது. நான் கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரங்களில் அவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவார். எழுதலாமா என்று கேட்டேன்.

"பேரப் போடாதீங்க. மத்தபடி உங்க இஷ்டம்" என்றார்.

அதனால் இங்கே அவள் ‘அவள்’தான். நான் அவளைப் பார்த்ததில்லை. முதல் வரியை இரண்டு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

‘உங்கள் திரைக்குப் பின்னால் ஆயிரம் கணினிகள் உங்களுக்காக...’ (விளம்பரம் போல இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

‘அவள் தரையை மட்டுமே பார்த்தபடி...’ (கதை இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஏன் தரையை என்று முதலில் சொல்லியாக வேண்டும்.)

2

அவள் எழுதிய மென்பொருள், இணையதளங்களின் வாசலில் நிற்பது. வருகிறவர்களின் கேள்வியை வாங்கி, உள்ளே இருக்கும் பல கணினிகளில் எதற்கு வேலை குறைவோ அதனிடம் அனுப்பி, பதிலை வாங்கி, கேட்டவரிடமே கொடுக்கும். ரிவர்ஸ் ப்ராக்ஸி, லோடு பேலன்சர் என்று அந்தத் துறையில் சொல்வார்கள். திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தம் அனுப்பலாம். ஆனால் புதுப் பதிப்பை வெளியிடும் உரிமை அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. அதைச் ‘சாவி’ என்பாள்.

கூடவே தொடங்கிய நண்பன் ஒருவன் உண்டு. ஒல்லியும் உயரமுமாக ஒட்டடைக்குச்சி போல இருப்பதால் ‘ஒட்டடை’ என்று பட்டப்பெயர். "சாவி ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாது" என்று அவன் சொன்னான். "என் பிள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று இவள் சொன்னாள். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

(வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளை எழுதியவள் தன் வேலையைப் பங்கிடவில்லை என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். கெட்டிக்கார வரி. அவள் பட்ட பாடு அதில் இல்லை.)

3

அவளுடைய இடது கண் சிறுவயதிலிருந்தே மங்கல். நன்றாக இருந்த வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழை வைத்தார்கள். அந்தக் குமிழ் விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்தபடி குப்புறவே படுத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கினால் கண் போய்விடலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அவள் அப்படிப் படுத்திருந்தபோதுதான் அந்தத் தகவல் வந்தது. அவளுடைய மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவிலிருந்து. கணவர் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தார். ஒரு பெண் மருத்துவமனையின் இணையதளத்தில் தன் பரிசோதனை முடிவைத் திறந்திருக்கிறாள். வந்தது வேறொருவருடையது. புற்றுநோய் என்று இருந்ததாம். நேரில் போய்க் கேட்கும்வரை அழுதுகொண்டே இருந்திருக்கிறாள்.

அவள் தலையணைக்குள் முகம் புதைத்தபடியே கேட்டாள்: "அப்போ அந்த இன்னொருத்தருக்கு?"

"என்னது?"

"அவங்களுக்கு ‘ஒண்ணுமில்ல’ன்னு போயிருக்குமேங்க."

4

கணவருக்கு நிரல் தெரியாது. ஆனாலும் வரிவரியாக வாசித்தார்.

"அடைப்புக்குறி."

"எந்த அடைப்புக்குறி? வளைஞ்சதா, மீசை மாதிரியா?"

"மீசை. இல்ல இரு, அதுக்குள்ள இன்னொண்ணு இருக்கு."

(கணினியே வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அதன் வேகத்துக்குக் காது பழக வேண்டும். அவளுக்குப் பழகவில்லை.)

நூறு வரி தாண்டுவதற்குள் எதற்குள் எது என்பது அவள் மனதில் குழம்பிப்போயிற்று. முழங்கையை ஊன்றினாள்.

"பத்து நிமிஷம் எந்திரிச்சுப் பாத்துடறேன்."

அவர் அவளுடைய பின்தலையில் கையை வைத்தார். "தூக்காதே."

"யாரோ ஒருத்தர் தனக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"இருக்கட்டும். நீ தூக்காதே."

இந்த இடம் வந்தபோது அவர் என்னைக் காரை ஓரங்கட்டச் சொன்னார். நான் இங்கே ஒரு பத்தி எழுதினேன், அவள் என்ன நினைத்தாள் என்று. அது எனக்குத் தெரியாது. எடுத்துவிட்டேன். தலையணை நனைந்திருந்தது. பிறகு அவள், "ஒட்டடைக்குப் போன் போடுங்க" என்றாள். தெரிந்தது இவ்வளவுதான்.

5

அவன் முதல் மணியிலேயே எடுத்தான். நலம் விசாரிக்கவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள்.

"இவர சாவிய அனுப்பச் சொல்றேன். நீயே சரி பண்ணிடு."

"பண்ணிட்டு உனக்கு வாசிச்சுக் காட்டறேன். நீ சரின்னதும் வெளியிடலாம்."

"வேணாம்டா. எனக்குக் காட்ட வேணாம். வெளியிடு."

"சரி" என்றான்.

அன்று சாயங்காலத்துக்குள் திருத்திய பதிப்பு வெளியானது. கோளாறு இதுதான்: உள்ளே ஓர் இணைப்பில் பாதியில் நின்றுபோன பதில், அடுத்து வந்தவரின் கைக்குப் போயிருக்கிறது. மருத்துவமனை, முடிவு மாறிப்போன இன்னொருவரையும் தேடிப்பிடித்து அழைத்துச் சொல்லிவிட்டது. தப்பான வரியை எழுதியது அவளா, ஒட்டடையா என்று கணவரிடம் கேட்டேன்.

"அத ரெண்டு பேருமே எங்கிட்ட சொல்லலீங்க" என்றார்.

6

கண் பிழைத்தது, முழுசாக அல்ல. கதவுச் சட்டம் வளைந்து தெரிகிறதாம். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவாம். போகப்போகச் சரியாகலாம் என்கிறார் டாக்டர்.

அவள் எழுந்து உட்கார்ந்த முதல் நாள் ஒட்டடையிடமிருந்து ஒரு வரி வந்தது. கணவர் வாசித்தார்: "சாவியத் திருப்பி அனுப்பட்டுமா?"

அவள், "இன்னொரு தடவ வாசிங்க" என்றாள். வாசித்தார்.

அவள் சொன்ன பதிலை அவர் எனக்குச் சொல்லவில்லை; அது அவர்களுடையது என்றார். நான் நான்கு பதில்கள் எழுதிப் பார்த்தேன். ‘நீயே வெச்சுக்கோ’ என்றது ஒன்று. ‘அனுப்பு’ என்றது ஒன்று. மற்ற இரண்டும் இவற்றைவிட நீளம், இவற்றைவிடப் பொய். நான்கிலும் என் குரல்தான் கேட்டது.

எனவே அந்தப் பதிலை உங்களிடம் விடுகிறேன். எழுதுவதற்கு முன் ஒட்டடை கேட்ட அந்த ஒரு வரியை வாய்விட்டு வாசித்துவிடுங்கள். அவள் அதைக் கண்ணால் படிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குரலில் கேட்டாள்.