உள்பக்கம் சரியும் கூரைகள்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரிலிருந்த வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது. சீனாவில் அப்போது காலை. கல்லூரிக் குழுவோடு போயிருந்த மகள் வெண்பா, பிங்யாவ் என்ற பழைய ஊரின் கோட்டைச் சுவர்மேல் நின்று வீடியோவில் அழைத்தாள்.

"அம்மா, லுக்! யுவர் வால்!"

தென்றல் ஈரக்கையோடு போனை வாங்கினாள். "சுவர் இருக்கட்டும்டி. ஊர்ப்பக்கம் திருப்பு. கூரையைக் காட்டு."

சாம்பல் நிற ஓடுகள் திரையில் ஆடின.

"ஒரு பக்கமா மட்டும் சரியுதா? முற்றத்தைப் பாத்து?"

"யா. மோஸ்ட் ஆஃப் தெம். வொய்?"

"மழைத்தண்ணி அவங்கவங்க வீட்டுக்குள்ளயே விழணும்னுதான். தெருப்பக்கம் சுவர் எவ்வளவு உயரம்? யாரையாவது பக்கத்துல நிக்க வை."

"அம்மா! திஸ் இஸ் மை ட்ரிப், நாட் யுவர் தீசிஸ்!"

மதன் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். மனைவியின் குரலில் இந்த அவசரத்தைக் கேட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

கோயம்புத்தூரில் கட்டடக்கலை படித்தபோது அவள் இந்த ஊரைப் பற்றித்தான் ஆய்வு எழுதினாள், புத்தகப் படங்களை மட்டும் பார்த்து. நேரில் கூட்டிப்போவதாகக் கல்யாணத்துக்கு முன்பே மதன் சொல்லியிருந்தான். வெண்பா கைக்குழந்தையாக இருந்தபோது டிக்கெட்டும் எடுத்தார்கள். புறப்படும் வாரத்தில் அவன்தான் ரத்து செய்தான். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர விசா முத்திரை வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். "கிரீன் கார்டு வரட்டும். நிம்மதியா போலாம்."

கார்டு போன மாதம்தான் வந்தது. இடையில் அவளுக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தபோது, சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்கச் சொன்னதும் அவன்தான்.

"கைட் இஸ் காலிங். பை!" திரை அணைந்தது.

"நாமளும் போலாம்," என்றான். "அதான் கார்டு வந்துருச்சே. டிக்கெட் பாக்கட்டுமா?"

"எதுக்குங்க?"

"நேர்ல பாக்கத்தான்."

"இப்ப பாத்து நான் என்ன செய்யப் போறேன்? அப்ப பாத்திருந்தா ஏதாவது வரைஞ்சிருப்பேன்."

கோபமாகவாவது சொல்லியிருக்கலாம்.

அவள் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மதன் லேப்டாப்பைத் திறந்தான். டிக்கெட் தளம் எத்தனை பயணிகள் என்று கேட்டது. இரண்டு என்று போட்டான். தேதி கேட்டது.

மாடியில் தென்றல், ஒரு பட்டன் இரண்டு பிக்சல் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது என்று சென்னை டீமுக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள்.