நம்பர் பிளேட் வைத்த வீடு

கதவு குறுகல். நாலு பேர் உள்ளேயும் நாலு பேர் வெளியேயுமாக நின்று சாமிநாதனை எப்படித் திருப்பினாலும் தோள் இடித்தது, இல்லாவிட்டால் முழங்கை இடித்தது. அந்த ட்ரெய்லர் வீட்டைச் செய்தவன் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள் என்று மட்டும்தான் யோசித்திருக்கிறான். தூக்கி இறக்குவார்கள் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

“சாச்சுப் புடிலா! கால் மொதல்ல வரட்டும்!” என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள்.

உள்ளே இருந்தவர்கள் காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் வண்டி ஆடியது. வெளியே நின்ற அம்சவல்லி, “பாத்து! பாத்து!” என்று அலறினாள். புருஷன் உடம்பில் அடிபட்டுவிடுமே என்று தவிக்கிறாள் என நினைத்து இரண்டு பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் கண்ணோ சக்கரத்தின் மேலேயே இருந்தது.

கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில், சமதரை முடிகிற இடத்தில் ட்ரெய்லர் நின்றது. பின்னால் தேயிலைச் சரிவு, சரிவுக்குக் கீழே ஆறு. முன்னால் மாட்டியிருந்த லோரிதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவள் எண்ணம். சக்கரத்துக்குக் கல் சரியாக வைத்தாரா, பிரேக் போட்டாரா, ஒன்றையும் அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்க வேண்டிய ஆள் இப்போது கதவில் சிக்கிக்கொண்டிருந்தார்.

சாமிநாதன் போன மாதம் வரை தோட்டத்துக் கொழுந்து லோரியை ஓட்டியவர். வேலை முடிந்து மறு மாதத்துக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மகள் யுவனேஸ்வரி ஈப்போவுக்குக் கூப்பிட்டாள். பிளாட்டில் இரண்டே அறை, அதில் ஒன்று அவள் மாமியாருக்கு. அப்போதுதான் மனுஷன் ஆரம்பித்தார், ஒரு லோரி வாங்கி, பின்னால் ட்ரெய்லரை மாட்டி, அதிலேயே குடித்தனம் பண்ணலாம் என்று.

“நம்பர் பிளேட் வச்ச வீட்ட எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்றாள் அம்சவல்லி.

“எங்க காத்து நல்லா அடிக்குதோ அங்க நிறுத்துவோம்லா. கடல் பக்கம் கொஞ்ச நாள், மக வீட்டுப் பக்கம் கொஞ்ச நாள்.”

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தாள். ஆனால் ஒரு ஞாயிறு விடாமல் ரிங்லெட், பீடோர், ஈப்போ என்று வண்டி பார்க்க இழுத்துக்கொண்டு அலைந்தார். லோரிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். ட்ரெய்லர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துப் பார்ப்பார். உள்ளேயே கக்கூஸ், குளியலறை எல்லாம் வைத்த நீளமான ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது. மலையிறங்கும் தாப்பா ரோட்டு வளைவில் அதன் வால் திரும்பாது என்றுவிட்டார்.

“மொதல்ல லோரி, அப்பறந்தான் ட்ரெய்லர். ஏத்தத்துல இழுக்கிறது பெரிசில்ல. எறக்கத்துல பின்னாடி இருக்கறது தள்ளும். அந்தத் தள்ளல தாங்குற லோரியா வேணும்.”

தைரியம் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. அன்றிலிருந்து அம்சவல்லிக்குக் கண்ணை மூடினால் முதுகுக்குப் பின்னால் ஒரு வீடு தள்ளிக்கொண்டே வந்தது.

கடைசியில் கியா பார்மில் ஸ்ட்ராபெரி தோட்டம் வைத்திருக்கும் யோகேந்திரன், டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடும் ட்ரெய்லரையும் தன் லோரியையும் சேர்த்தே தந்தார். “ஒரு வாரம் இருந்து பாருங்கண்ணே. புடிச்சா பேசிக்குவோம்.” நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, “செத்த படுத்துப் பாக்கறேன்” என்று போனவர்தான். அவள் தேத்தண்ணி கொண்டுபோனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. போலீசும் டாக்டரும் வந்து பார்த்து, நெஞ்சடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனபிறகுதான் உடம்பை வெளியே இறக்கினார்கள்.

இப்போது லயத்து வாசலில் பந்தலுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். அம்சவல்லிக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. மாதம் முடிந்தால் எங்கே போவது? மகள் வீட்டு மூலையில், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லக்கூட வாயில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

யோகேந்திரன் மாலையோடு வந்து, அவள் பக்கத்தில் குனிந்தார். “அக்கா, நீங்க எதுக்கும் பயப்படாதீங்க. காரியம் முடிஞ்சதும் வண்டி ரெண்டையும் நான் எடுத்துக்கறேன்.” நல்ல மனுஷன்தான். ஆனால் சாவு விழுந்த வண்டியில் இனி எந்த டூரிஸ்டைப் படுக்கவைப்பது என்ற கவலை அவர் முகத்திலும் தெரிந்தது.

அடுத்த வீட்டுத் திலகம் வேறு ஒன்றைக் கிளப்பினாள். “வெளக்கு எங்க ஏத்துறது? உசுரு பிரிஞ்ச எடத்துலதான ஏத்தணும். பதினாறாம் நாள் வரைக்கும் அணையக்கூடாது.”

“வீட்டுலயே ஏத்துங்க அத்தை. வண்டி அவங்களது,” என்றாள் யுவனேஸ்வரி.

“உசுரு வண்டியிலதானடி போச்சு?”

அம்சவல்லிக்கு நாளை அந்த வண்டியில் நடக்கப்போவது கண்முன் வந்தது. கோலாலம்பூர்ப் பிள்ளைகள் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு கோழி சுட்டுத் தின்கிறார்கள். நடுவில் இந்த மனுஷன், யார் எவர் என்று தெரியாமல், இறங்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

“தம்பி,” என்றாள். “எந்த வண்டியில படுத்துப் பாத்தாலும் ஒரு கொறை சொல்லிக்கிட்டேதான் எந்திரிப்பாரு. மெத்தை சரியில்ல, கூரை தாழ்வு, கால் முட்டுது. இதுல ஒண்ணும் சொல்லல.”

யோகேந்திரன் திரும்பி வண்டியைப் பார்த்தார். “பதினாறு நாளும் வச்சுக்குங்க அக்கா. அப்பறம் பேசலாம்.”

“அப்பறம் என்ன? வண்டி எனக்கு வேணும்னுதான் சொல்றேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

“அம்மா, ஒனக்கு லோரி ஓட்டத் தெரியுமா? பைத்தியமா ஒனக்கு?” என்று மகள் அதட்டினாள்.

மழை பெய்து சுடுகாட்டுப் பாதை சேறாகக் கிடந்தது. சவ வண்டி ஏறாது என்று டிரைவர் கையை விரித்துவிட்டான். “அண்ணன அவரு பாத்த லோரியிலயே கொண்டு போயிரலாம்” என்று யாரோ சொல்ல, ஆண்கள் ட்ரெய்லரைக் கழற்ற ஓடினார்கள். ட்ரெய்லரை ஏற்றி இறக்க முன்னால் இருந்த சின்னச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றினார்கள், ட்ரெய்லரின் மூக்கு மேலே எழும்பியது. கொக்கி விட்டது. லோரி நகர்ந்தது.

அம்சவல்லியின் பார்வை சரிவுக்கு ஓடியது. ட்ரெய்லர் அங்கேயேதான் நின்றது.

மருமகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். மேளம் தேயிலைக்குள் இறங்கி, வளைவில் திரும்பி, தேய்ந்தது. லயத்தில் ஓர் ஆண்பிள்ளைகூட மிச்சமில்லை. பெண்கள் வீட்டைக் கழுவிவிட, திலகமும் யுவனேஸ்வரியும் அம்சவல்லியும் விளக்கோடு ட்ரெய்லருக்குள் ஏறினார்கள்.

திலகம் ஏற்றினாள். சுடர் படபடவென்று அடித்து அணைந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடியும் அணைந்தது.

“அணையக்கூடாதேக்கா,” என்றாள். அவள் குரலே மாறிவிட்டது.

யுவனேஸ்வரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்சவல்லி அகலைக் குனிந்து பார்த்தாள். எண்ணெய் எல்லாம் பின்பக்கமாக ஒதுங்கி விளிம்பில் நின்றது. முன்பக்கத்துத் திரி காய்ந்து கிடந்தது. மூக்கைத் தூக்கினவர்கள் இறக்காமலே போயிருக்கிறார்கள்.

மகள் கையை விலக்கிவிட்டு அவள் கீழே இறங்கினாள்.

கைப்பிடி ஈரமாக, சில்லென்று இருந்தது. இதைத் தொட்டு வண்டி பின்னால் ஓடிவிட்டால்? உள்ளே மகள் இருக்கிறாள். “எறங்கிருங்கடி ரெண்டு பேரும்,” என்று கத்தினாள்.

“நான் வெளக்கப் புடிச்சிருக்கேன்க்கா. நீ சுத்து,” என்றாள் திலகம்.

சுற்றினாள். இரும்பு கிறீச்சிட்டது. மூக்கு இன்னும் மேலே போனது.

“அம்மா, எண்ணெய் வழியுது! அந்தப் பக்கம் இல்ல!”

கையை எடுத்துவிட்டாள். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து, மறுபக்கமாக அரைச் சுற்றுச் சுற்றி நிறுத்தி, சக்கரத்தைப் பார்த்தாள். கல் நகரவில்லை. இன்னோர் அரைச் சுற்று.

“எப்படி இருக்கு?”

“வருதும்மா. இன்னும் கொஞ்சம்.”

சுடுகாட்டுப் பக்கம் புகை எழும்பியிருந்தது. அவள் நிமிரவில்லை. கைப்பிடி வழுக்கியது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தாள்.