உத்காடனத்துக்கு முன் நட்ட கோஸ்

கொச்சி மட்டாஞ்சேரியில் எதையும் சும்மா தொடங்கிவிட முடியாது. தெருவிளக்கு என்றால் மேடை வேண்டும், குழாய் என்றால் மாலை வேண்டும், வெறும் பன்னிரண்டு பாத்தி என்றாலும் உத்காடனம் என்று திறப்புவிழா நடத்த ஒரு பெரிய மனிதர் வேண்டும். பதினாறு வருஷமாக அதே தெருவில் தமிழ்நாட்டுக் காய்கறி விற்கிற பேச்சிக்கு இது தெரியாமல் இல்லை. நாற்றுக்குத்தான் தெரியவில்லை.

இடிந்துபோன சுக்குக் கிடங்கின் காலி மனையைக் குடியிருப்போர் சங்கம் தோட்டமாக்கியது. செயலாளர் சிவராமகிருஷ்ணன் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். தமிழ்நாட்டு லாரியில் வரும் விஷத்துக்கு விடை கொடுப்போம், நம் மண்ணில் நம் கோஸ் என்று அதில் எழுதியிருந்தது. அவருடைய தாத்தா திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவர். வீட்டில் இன்றைக்கும் தமிழ்தான். மனிதன் எல்லை தாண்டினால் கெடுவதில்லை, காய்கறி தாண்டினால்தான் கெட்டுப்போகிறது என்பது அவருடைய கொள்கை.

நோட்டீஸ் வந்த வாரமே பேச்சி கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்தாள். எதிர்வீட்டு தன்யா பத்து வருஷமாகப் பேச்சியின் கடைக்கு வராமல் அடுப்புப் பற்றவைக்காதவள். அவளே இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு சாலையின் மறு ஓரமாகப் போனாள். போனில் அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று பேச்சிக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் போனதுகூட அவளை அவ்வளவு சுடவில்லை.

பாத்திகள் சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும். ஆனால் பன்னிரண்டாவது பாத்தியை எடுத்திருந்த டாக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். சாலையோரத்தில், மேற்கு வெயில் முழுக்க அடிக்கிற, ஹோஸ் எட்டாத, வேறு யாருக்கும் வேண்டாத பாத்தி அது. பேச்சி போய்க் கேட்டதும் சட்டென்று கொடுத்துவிட்டார்கள். அவள் கணக்கு வேறு. இந்த மண்ணில் விளைந்த கோஸைக் கடையில் வைத்தால் எந்த நோட்டீஸும் ஒன்றும் செய்ய முடியாது, தன்யா திரும்பி வந்துதானே ஆகவேண்டும்?

கொச்சிக்கும் குளிர்காலம் உண்டு. விடியற்காலையில் போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொள்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு வாரந்தான். அதற்குள் கோஸ் உருண்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் இலைதான். அக்டோபர் கடைசியில் நாற்றுத் தட்டுகள் வந்து இறங்கின. அன்றைக்கே தலைமை விருந்தினரான அரசியல் தலைவருக்குக் காய்ச்சல் என்று செய்தியும் வந்தது. உத்காடனம் ஒரு வாரம் தள்ளிப்போனது.

மறுநாள் காலையில் பேச்சி தன் நாற்றை நட்டுவிட்டாள். சிவராமகிருஷ்ணன் வந்து பார்த்தபோது பாத்தி ஈரமாக இருந்தது.

"எந்தா பேச்சி இது? உத்காடனத்துக்கு முன்னாலேயே நட்டிருக்கே!"

"அஞ்சு இலை வந்தாச்சு சாரே. இன்னும் தட்டுலயே வச்சா வேரு சுருண்டுரும்."

"ஒரு வாரத்துலே என்ன சுருளும்? பிடுங்கித் தட்டுலே வை."

"நட்டதப் பிடுங்க எனக்குக் கை வராது. வேணும்னா நீங்க பிடுங்குங்க."

சார் குனிந்து பார்த்தார். வெள்ளை முண்டு, சேற்றுப் பாத்தி. நிமிர்ந்துவிட்டார்.

அன்று மாலையே கமிட்டி கூடியது. உத்காடனம் ஆகாமல் நட்ட பாத்தியைத் தோட்டத்தின் பகுதியாகக் கருத முடியாது, எனவே பன்னிரண்டாவது பாத்தி என்று ஒன்று இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். இல்லாத பாத்தி வருகிறவர் கண்ணில் படக்கூடாதே! அதைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய ஓணம் ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். மேற்கு வெயில் அதோடு நின்றது. காசு கொடுத்துப் போட்டிருந்தாலும் இப்படி ஒரு நிழல் கிடைத்திருக்காது என்று பேச்சி மனசுக்குள் சங்கத்தை வாழ்த்தினாள். சொந்தமாகக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள்.

விருந்தினரின் காய்ச்சல் இறங்குவதற்குள் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி வந்துவிட்டால் அரசியல்வாதி எதையும் தொடங்கிவைக்கக் கூடாது, கோஸ் நாற்றைக்கூட. வேறு யாரையாவது கூப்பிடலாமே என்று ஒருவர் கேட்டார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்று சார் சொன்னார். தேர்தல் முடிந்து, எண்ணி முடித்து, ஜெயித்தவர் நன்றி சொல்லி முடித்து, டிசம்பர் நடுவில் மேடை போட்டார்கள். தட்டிலிருந்த நாற்றெல்லாம் மஞ்சளித்து, கொக்குக் கால் மாதிரி நீண்டு போயிருந்தது. அதைத்தான் கைதட்டலோடு நட்டார்கள்.

அறுவடை விழா ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை. அதையாவது தள்ளிவைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சீரியல் நடிகர் ஒருவர் தேதி கொடுத்திருந்தார். அவர் தேதிக்குக் கோஸ்தான் ஒத்துவர வேண்டும். பதினோரு பாத்தியிலும் இலை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஃப்ளெக்ஸுக்குள்ளே ஆறு கோஸ், இறுகிப் போய், தட்டினால் டொக்கென்று சத்தம் வருகிற கோஸ்.

சனிக்கிழமை சிவராமகிருஷ்ணன் கடைக்கே வந்துவிட்டார். குரலில் வெல்லம்.

"நாளைக்கு நடிகர் உன் பாத்தியிலேதான் அறுக்கப் போறார். சங்கத்துக் கோஸுன்னு சொல்லிக்கலாம். என்ன?"

"இல்லாத பாத்தியில எப்படி சாரே அறுப்பாரு?"

மறுநாள் விடிந்ததும் ஆறையும் அறுத்துக் கொண்டுவந்து கடையின் முன்வரிசையில் அடுக்கினாள். பேச்சியின் மகள் மகாவுக்குத் தமிழைவிட மலையாளம் நன்றாக எழுத வரும். 'மட்டாஞ்சேரியில் விளைந்தது, மருந்து அடிக்காதது' என்று அட்டையில் எழுதிக் கொடுத்தாள்.

விழாவுக்கும் அதன் பிறகு நடக்கும் கோஸ் ஏலத்துக்கும் போகிறவர்கள் எல்லோரும் கடையைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவர் நின்று அட்டையைப் படித்தார். "லாரி மட்டாஞ்சேரி வழியா வந்திருக்கும்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டு நடந்தார். கடைசியில் தன்யா வந்தாள். பேச்சி அட்டையை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"போர்டு கொள்ளாம், நல்லாருக்கு பேச்சியக்கா. ஆனா ஞான் தோட்டத்து லேலத்துக்குப் போறேன். நல்ல காய் கிடைக்குமாம்" என்றாள் தன்யா, போய்விட்டாள்.

ஒன்பதரைக்கு சார் ஓடிவந்தார். பன்னிரண்டாம் பாத்தி மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த ஓட்டம். முன்வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அது கடைக்கு வச்சது" என்றாள் பேச்சி. "லாரிக் கோஸு இருக்கு. வேணுமா?"

சார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நாலு லாரிக் கோஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார். விஷத்துக்கு விடை கொடுக்க அன்றைக்கு வேறு ஆயுதம் இல்லை.

மைக்கில் சொன்னதெல்லாம் கடைவரை கேட்டது. வெறும் இலைப் பாத்தியில் சார் செருகிவைத்த முதல் கோஸை நடிகர் பிடித்து இழுத்தார், எவ்வளவு லேசாக வருகிறது, இதுதான் இயற்கை விவசாயம் என்றார். அப்புறம் ஏலம். லாரியில் வந்த நாலு கோஸுக்கும் ஊரே அடித்துக்கொண்டது. பேச்சிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தன் ஆறு கோஸும் வெயிலில் இலை துவள்வதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

சார் மறுபடியும் வந்தார். "இன்னும் நாலு கொடு. தன்யாவுக்குக் கிடைக்கலைன்னு ஒரே பகளம், சத்தம் போடுறா."

லாரிக் கோஸ் மூட்டை பின்னால்தான் இருந்தது. பேச்சி அதன்மேல் கை வைத்தாள், எடுக்க மனம் வரவில்லை. தன்யா கைக்குப் போவதாவது நிஜமாக இருக்கட்டும் என்று தோன்றியது. முன்வரிசையிலிருந்த ஆறையும் கூடையில் அள்ளினாள்.

"நான் வந்து வைக்கேன். நடங்க."

ஆட்கள் சாயா குடித்துக்கொண்டும் நடிகரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். பேச்சி ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, காலையில் அறுத்த இடத்திலேயே விரலால் குழி பறித்தாள். தான் வளர்த்த கோஸைத் தான் வளர்த்த மண்ணில், வளர்ந்த மாதிரி தெரியும்படி செருகினாள். இப்படி ஒரு வெட்கம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. சார் ஃப்ளெக்ஸைத் திரை மாதிரி விலக்கினார். சங்கத்தின் ரகசியப் பாத்தி என்று மைக்கில் அறிவித்தார். கூட்டம் ஆ என்றது.

முதல் கோஸ் தன்யாவுக்குத்தான். மண்ணைத் தட்டி, முகர்ந்து பார்த்து, அப்படியே பேச்சியின் முகத்தருகே கொண்டுவந்தாள்.

"ஒண்ணு மணத்து நோக்கு அக்கா. இதுதான் காய். நீங்களும் இதுபோல கிருஷி செய்தா ஞான் வேறெங்கேயாவது போவேனா?"

"இது நான் நட்டதுதான் மோளே."

தன்யா விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்காவுக்கு எப்பவும் தமாஷ்தான்" என்று பேச்சியின் தோளில் தட்டினாள்.

சங்கத்துக்கு ஒரு கைதட்டு என்று நடிகர் மைக்கில் கேட்டார். எல்லோரும் தட்டினார்கள். பேச்சியும் தட்டினாள். தட்டாமல் நின்றால் பொறாமை என்று சொல்லிவிடுவார்களே.