இன்சூரன்ஸ் இல்லாத லாரி

இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்த பெண் தொகையைச் சொன்னதும் தையல்காரி முதலில் சிரித்தாள். லாரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஒரே வருஷத்துக்கு.

"லாரியை வாங்கியாச்சும்மா. நான் கேட்டது இன்சூரன்ஸ்."

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். முதல் தடவையாகச் சொந்த வண்டி எடுக்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் கூடுதலாகத்தான் போடுவார்களாம். தையல்காரிக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைக் காட்டி, இந்த மனுஷனுக்குத் தலை நரைத்ததே ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான், இவரா புதுசு என்று கேட்டாள்.

"ஓட்டினது பழசுதாங்க. ஓனர்தான் புதுசு."

சரி, அதுகூடப் போகட்டும். திங்கட்கிழமை முதல் லோடு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைச் சரக்குக் கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடாது. எப்படியாவது புரட்டலாம் என்று அவள் மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் அடுத்ததைச் சொன்னாள். இவர் பேரில் ஒரு விபத்து இருக்கிறதாம். தொகையை இந்த உயரத்துக்குத் தூக்குவதே அதுதானாம்.

அங்கேதான் தையல்காரி பிடித்துக்கொண்டாள். அவள் புருஷனை அவன் வேலை பார்க்கும் லாரி ஷெட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பிரேக்கு என்பார்கள். பூனை குறுக்கே போனால் பிரேக், காகிதம் பறந்தால் பிரேக். பிரேக்கு அண்ணன் வண்டியில் ஏறினால் லேட்டாகத்தான் போய்ச் சேரலாம், ஆனால் முழுசாகப் போய்ச் சேரலாம் என்று அவளிடம் யூனிஃபார்ம் தைக்க வரும் டிரைவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஆள் பேரில் விபத்தா? எவனோ இடித்ததை இவர் தலையில் கட்டுகிறீர்களா, உட்கார்ந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் தட்டிவிடலாமா என்று அந்தப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. சாட்சிக்குப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடிப்படியில் வைத்துத்தான் சொன்னான். நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளியின் மகன், கனரக லைசென்ஸ் இல்லாமலே லாரியை எடுத்துக்கொண்டு போய் ஒரு பெட்ரோல் பங்கின் சுவரை இடித்துச் சாய்த்துவிட்டான். யாருக்கும் அடியில்லை. லைசென்ஸ் இல்லையென்று தெரிந்தால் இன்சூரன்ஸில் ஒரு காசு வராது என்று, போலீஸ் வருவதற்குள் முதலாளி இவனைக் கூட்டிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார வைத்திருக்கிறார். ஒரு கையெழுத்துதானே, உனக்கென்ன சொந்தத்தில் வண்டியா ஓடுது, உன்னை என்ன பண்ணிடப் போகுது என்றாராம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்ட."

"விட்டிருக்கவே மாட்டேன்."

படியிறங்கி அவள் விறுவிறுவென்று நடந்தது ஷெட்டுக்குத்தான். அவன் பத்தடி பின்னால் வந்தான். அவர்கள் லாரியும் அங்கேதான் ஒரு மூலையில் நின்றது. விற்றவர் கொண்டுவந்து விட்டுப்போனது. பேப்பர் வேலை முடியும்வரை நிற்கட்டும் என்று முதலாளிதான் பெரிய மனசு பண்ணி இடம் கொடுத்திருந்தார்.

முதலாளி தன் அறையில் உட்காரச் சொன்னார், விசாரித்தார், உச்சுக்கொட்டினார். வழி அவர் கைவசமே இருந்தது. இத்தனை லாரி வைத்திருக்கிற அவருக்கு இன்சூரன்ஸ் மலிவாம்.

"வண்டி என் கம்பெனி பேர்ல இருக்கட்டும்மா. ஓட்டப்போறது இவன்தானே. வர்றதுல பங்கு தந்துடறேன்."

மகன் ஓரத்தில் சாய்ந்துகொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவனும் சமீபத்தில்தான் தன் பேரில் ஒரு புது லாரி எடுத்திருந்தான். அவன் பேரில் ஒரு கீறல் கிடையாது.

"உங்க பையன் சுவரை இடிச்சதுக்கு எங்க லாரியைத் தூக்கிக் குடுக்கணுமா?" என்றாள் தையல்காரி. புது ஓனருக்கு உண்டான கூடுதலை நாங்கள் கட்டிக்கொள்கிறோம், அது எங்கள் தலையெழுத்து. சுவருக்கு உண்டானதை நீங்கள் கட்டுங்கள், இல்லையென்றால் இடித்தவன் பேரை இன்சூரன்ஸ்காரர்களிடம் நானே சொல்கிறேன் என்றாள்.

முதலாளியின் குரல் மாறியது. தாராளமாகச் சொல், பொய்க் கையெழுத்துப் போட்டவன் உன் புருஷன், முதலில் உள்ளே போகிறவன் அவன்தான் என்றார்.

"போகட்டும். பொய் சொன்னவர் போகத்தான் வேணும். சொல்ல வச்சவரும் கூட வாங்க, ஒரே வண்டியில போயிடலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பினால் புருஷனைக் காணோம். இப்பவும் நழுவிட்டாரே என்று பல்லைக் கடித்தாள். வெளியே ஒரு இஞ்சின் உறுமியது. ஜன்னல் வழியே பார்த்தால், மூலையில் நின்ற அவர்கள் லாரி நிதானமாகப் பின்வாங்கி, வளைந்து, ஷெட்டின் ஒரே கேட்டை அடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றது. இரண்டு பக்கமும் கை நுழைகிற இடம்தான் மிச்சம். சரக்கேற்றிக் கிளம்பத் தயாராக இருந்த முதலாளியின் லாரிகள் அத்தனையும் உள்ளே.

பிரேக்கு இறங்கி வந்து சாவியை அவள் கைப்பையில் போட்டான்.

"வண்டியை எடுடா" என்றார் முதலாளி.

"முன்னால எடுத்தா ரோடுங்க. இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுல ஏத்தக்கூடாது."

"அப்ப பின்னால எடு."

"பயமா இருக்குங்க. ஏற்கெனவே ஒரு சுவரை இடிச்ச ஆளு நான்."

வெளியே யாரோ ஒரு டிரைவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். நடந்தது எது என்று ஷெட்டில் தெரியாதவர் இல்லை. தெரியாமல் இருந்தது தான் மட்டும்தான் என்பது தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

முதலாளி கத்தினார், போலீஸைக் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடுங்கள், எப்படியும் அவர்களிடம் ஒரு சுவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது என்றாள் அவள். சரக்குக்காரர்களின் போன் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தது. கடைசியில் மகன்தான், போனிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னான்:

"குடுத்துத் தொலைங்கப்பா."

"தொலைக்க வேண்டாம் தம்பி, கட்டினாப் போதும். அடுத்த வருஷமும் வருவேன். அந்த விபத்து இவர் பேரை விட்டு இறங்குற வரைக்கும் வருவேன்."

பணம் கட்டியாகி, பாலிசி அவள் போனில் வந்து சேர்ந்து, வரி வரியாகப் படித்த பிறகுதான் புருஷனிடம் சாவியைக் கொடுத்தாள். சொந்த லாரியில் முதல் தடவையாக ஏறி உட்கார்ந்தாள். எப்படி என்பதுபோல அவன் லேசாகச் சிரித்துப் பார்த்தான்.

"சிரிக்காதீங்க. நாலு வருஷம் என்னை முட்டாளாக்கி வச்சிருந்தீங்க. உங்களை நான் இன்னும் கேக்கவே ஆரம்பிக்கல."

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கியரைப் போட்டான். கேட்டைத் தாண்டியதும் ரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. பிரேக். நாய் எழுந்து, சோம்பல் முறித்து, யோசித்து நின்றது. பின்னால் முதலாளியின் லாரிகள் எல்லாம் சேர்ந்து ஹார்ன் அடித்தன.

"அடிக்கட்டும்" என்றாள் தையல்காரி.