பாம்சேக்கும் இருட்டுக்காலம்

நார்வேயின் வடகோடியில் இருக்கும் எங்கள் ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரியில்தான் திரும்பும். அதுவரை யாருக்குத் தலை வலித்தாலும், யார் படுக்கையை விட்டு எழ மறுத்தாலும், இருட்டுக்காலம் என்று சொல்லிவிட்டு அடுத்த காபியை ஊற்றிக்கொள்வோம். அந்தச் சோர்வை ஆராய்வதுதான் என் பிழைப்பு. கண்ணில் படும் வெளிச்சம் ரத்தத்தில் துளியளவு கார்பன் மோனாக்சைடை விடுவிக்கிறது, இருட்டில் அது குறைவதால்தான் மனம் சரிகிறது என்பது எங்கள் ஊகம். அதற்கு ஆதாரம் தேடி ஊரார் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

என் தம்பி ஒட்வார் எங்கள் ஆய்வின் செல்லப்பிள்ளை. பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தள்ளாடி வருவான். பகல்போல வெளிச்சம் பாய்ச்சும் எங்கள் விளக்கறையில் அரைநாள் இருந்தால் போதும், சிரிப்பான், என்னைக் கிண்டலடிப்பான். வீடு திரும்பினால் மறுபடி சுருண்டுவிடுவான். அவன் சோர்வு தனக்கும் ஒட்டிக்கொண்டது என்று சொல்லி, போன குளிர்காலத்தில் அவன் மனைவி குன்வோர் தெற்கே பெர்கன் நகரத்துக்குப் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கொள்ளைக் கோபம்.

அன்று பகல் அவன் ரத்த முடிவு வந்தது. குறைந்திருக்க வேண்டிய வாயு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. புகை பிடித்தாலும் அது ஏறும் என்பதால் புகை பிடிப்பவர்களுக்கு எங்கள் ஆய்வில் இடமில்லை. எரிச்சலோடு போன் செய்தேன்.

"டேய், மறுபடி ஊத ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லக்கா." நாக்கு குழறியது. "அடுப்புப் பக்கத்துல படுத்திருக்கேன். பாம்சேயும் எந்திரிக்க மாட்டேங்குறான். அவனுக்கும் இருட்டுக்காலம் பிடிச்சிருச்சு போல."

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். நாய்க்கு ஏது இருட்டுக்காலம்?

வெளியே போடா என்று கத்தினேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பாலம் முழுக்க எனக்கு முன்னால் பனி வாரும் வண்டி ஊர்ந்தது. முந்த வழியில்லை. ஸ்டீயரிங்கைக் குத்தினேன். அந்த ஓட்டுநரை, என்னை, வெளிச்சம் வெளிச்சம் என்று அலைந்த என் படிப்பை, எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் அவனை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு வாங்கியபடி பனியில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பக்கத்தில் பாம்சே எழுந்து உடம்பை உதறியது. புகைபோக்கியின் வாய் பனிக்கட்டியால் அடைபட்டு, அடுப்பு கக்கிய கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கியிருந்தது. சுவரில் இருந்த காற்றுத் துளையில் கம்பளிக் காலுறை ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. குளிர் வரக்கூடாதென்று எங்கள் ஊரில் பாதி வீடுகளில் செய்வதுதான்.

ஒட்வார் முகமூடியை விலக்கினான். "அக்கா, குன்வோர் பெர்கனுக்குப் போன ஒரே வாரத்துல தெளிஞ்சிட்டா."

"தெரியும்."

"என் மூஞ்சியப் பாக்காததாலதான்னு அவளும் நெனச்சா, நானும் நெனச்சேன்."

குன்வோரின் எண்ணை நான்தான் அழுத்தினேன். அவள் எடுத்ததும் அவன் நலம்கூட விசாரிக்கவில்லை.

"குன்வோர், என்கிட்டேருந்து உனக்கு ஒண்ணும் ஒட்டல," என்றான். "அடுப்புதான்."