பட்டை வாங்கிய கை

கீழ்வானின் செம்மை கரைந்து, கதிரவனின் இளவெயில் பாலாற்று மணற்பரப்பில் பொன்னுருக்கி வார்த்தாற்போல் படர்ந்த வேனிற் காலையில், கொன்றைப்பட்டு நகரப் பூங்காவின் குயிலோசையை வெட்டொலி விழுங்கிற்று. பூங்காவின் மேற்கெல்லையில் தொடங்கி மலையடிவரை பொற்சரம் தூக்கி நின்ற கொன்றைக் காட்டில், மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்துகொண்டிருந்தன.

பூங்காவைப் பேணும் பொறுப்பை விரும்பி ஏற்றிருந்தவர், தோல் பதனிடும் வணிகர் மக்பூல் அகமது. காடு அழிந்தால் அதன் ஊற்றால் நிறையும் பூங்காக் கிணறும், அதனையே நம்பிய தெருக்களும் வறளுமென அஞ்சி, நகரவைத் தலைவரிடம் சென்றார்.

"அது காட்டு அதிகாரி பார்க்க வேண்டியது," என்றார் தலைவர்.

அதிகாரியோ, "குத்தகைக்கு விட்டாச்சு. பூங்கா கெடும்னா சேர்மன்தான் கேக்கணும்," என்று கைவிரித்தார்.

இருவரிடையே அலைந்தலைந்து செருப்பும் பொறுமையும் ஒருங்கே தேய்ந்த வணிகர், காட்டினுள் புகுந்து குத்தகைக்காரன் சாமிநாதனை மறித்தார்.

"நிறுத்துப்பா. கெணறு வத்திட்டா ஊரு இன்னா பண்ணும்?"

உரித்துக் குவித்த பட்டைமேல் அமர்ந்தவாறே அவன் சினமின்றிச் சொன்னான்: "என்னை ஏன் பேஜார் பண்றீங்க சாயபு? விறகுல இன்னா கெடைக்குது? பட்டைலதான் எனக்கு வரும்படி. அது உங்க தோல் குழிக்குத்தான் வருது."

தோலைப் பதனிடத் தரகர் கொணர்ந்த பட்டை எக்காட்டினது என்று ஒருநாளும் வினவாதிருந்த அவர், நாணி நின்றார்.

அன்றே கொன்றைப்பட்டையை விலக்கிக் கடல்கடந்து வரும் வேலம்பட்டைக்கு மாறினார். ஆயினும் கோடரி ஓயவில்லை. அடுத்த தொழிற்கூடத்துக் கலீமுல்லா கொன்றைப்பட்டையை வாங்கத் தொடங்கியிருந்தார்.

"நான் விட்டா இன்னொருத்தன் வாங்குவான். விடுங்க பாய்," என்றார் கலீமுல்லா.

"அவன் வரட்டும், அவன்கிட்டயும் பேசறேன். என் வேலம்பட்டைய கொன்றைப்பட்டை வெலைக்கே எடுத்துக்குங்க. நஷ்டம் என்னோட போகட்டும்."

"ஒரு காட்டுக்காகவா?"

"ஆமா பாய். இதுக்குமேல பேச எனக்குத் தெம்பில்ல."

அயர்ந்த அம்முகத்தை நெடிது நோக்கிய கலீமுல்லா இசைந்தார். கொள்வாரின்றிச் சாமிநாதன் ஆட்களோடு அகன்றான். அதற்குள் பாதிக் காடு வீழ்ந்துவிட்டது. கிணறு தாழ்ந்தது, வற்றவில்லை.

கார்காலத்தில் நகரவை விழா எடுத்தது. காட்டைக் காத்தது தம் அவையே எனத் தலைவர் முழங்க, அதிகாரி தலையசைத்தார். ஒப்புக்கு ஒரு மாலை வணிகரையும் நாடி வந்தது.

"நீங்களே போட்டுக்குங்க. எனக்குக் குழியில வேலை கெடக்குது," என்று அவர் எழுந்து நடந்தார்.

கற்றறிந்தீர், வாளாவிருந்தோர் புகழ்சூட, வருந்திக் காத்தோர் களைத்து இல்லம் மீள்வது இவ்வுலகின் நெடுவழக்கு. அவ்வழக்கை மாற்ற வணிகருக்கு நேரமில்லை, மறுநாட் காலையில் பட்டைத் தரகர் வாயிலில் நின்றார், அவரிடம் இவர் முதலிற் கேட்டது விலையன்று, "எந்தக் காட்டுது?" என்பதே.