பயில்வான் வீட்டுக்குச் சிவப்பு வில்லை

கால்வாய்த் தெருவில் எல்லாருக்கும் அவர் பயில்வான்தான். இளம் வயதில் பளு தூக்கிக் கோப்பைகள் வாங்கியவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனாலும் தெருவிலேயே பெரிய வீடு அவருடையது, மூன்று மாடி. எதிரே தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் தையல்காரம்மா இருந்தாள்.

ஒரு நாள் காலை பேரிடர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று விசாரித்துக் கதவில் வண்ண வில்லை ஒட்டுவது அவள் வேலை. பச்சை என்றால் தாமே சமாளித்துக்கொள்வார்கள். மஞ்சள் என்றால் ஒரு கண் வைக்க வேண்டும். சிவப்பு என்றால் படகு முதலில் அங்கேதான்.

தையல்காரம்மா கதவில் மஞ்சள் ஒட்டினாள். பச்சையை எதிர்பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு நின்ற பயில்வான் வீட்டுக் கதவில் சிவப்பை ஒட்டினாள்.

"ஏம்மா, கண்ணு சரியா தெரியுதா? இது கான்கிரீட்டு. அது தகரம்!"

"கால்வாய்க்கு ரெண்டு வீடும் ஒரே தூரம் சார். தண்ணி ஒரே நேரத்துலதான் வரும். வந்தா யாரு மாட்டிப்பாங்கன்னுதான் பாக்கறோம். நீங்க எந்த மாடியில படுக்கறீங்க?"

"கீழ. ஆனா மேல ஏறிடுவேன்."

"ஏறி நாலு வருஷம் ஆச்சு," என்று உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்.

பயில்வானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வெள்ளம் வந்துடுச்சுன்னு வெச்சுக்கிட்டு விசில் ஊது. எந்த வீடு முதல்ல வெளிய வருதுன்னு பாத்துடுவோம்."

போட்டி என்றால் அவர் நேர்மையானவர். உள்ளே போய், திருடனுக்குப் பயந்து தினமும் பூட்டுவது போலவே இரும்புக் கம்பிக் கதவை இழுத்து, அமுக்கினாலே சாவியில்லாமல் பூட்டிக்கொள்ளும் பூட்டைப் போட்டு, கட்டிலில் படுத்துக்கொண்டார்.

விசில் ஒலித்தது. மூன்று வெள்ளம் பார்த்தவள் தையல்காரம்மா. மெஷின் தலையைக் கழற்றிப் பரணில் வைத்து, மின்சாரத்தை அணைத்து, துணி மூட்டையோடு நாலே நிமிஷத்தில் தெருவுக்கு வந்துவிட்டாள். வரும் வழியில் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு வந்தாள்.

பயில்வான் எழுந்து உட்காரவே நாலு நிமிஷம் ஆனது. அப்புறம் சாவி.

"சட்டைப் பையில இருக்கு."

"எந்தச் சட்டை?"

"நேத்து போட்டது."

மனைவி தலையில் கை வைத்தாள். "அது இஸ்திரிக்குப் போயிடுச்சே!"

"அப்ப மாடிக்கு ஏறுங்க சார்!" என்று வெளியிலிருந்து கத்தினாள் அலுவலகப் பெண்.

மாடிப்படி முழுக்கப் பழைய கோப்பைகளும் பளு தூக்கும் இரும்புத் தட்டுகளும் அடுக்கியிருந்தன. ஏழு படி ஏறிய பயில்வான் எட்டாவதில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்நேரம் தண்ணி கழுத்துக்கு வந்திருக்கும்," என்றாள் அலுவலகப் பெண், கடிகாரத்தைப் பார்த்து.

"யாரு கழுத்துக்கு? அவரு கழுத்துக்கு வந்தா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்!" என்றாள் குள்ளமான மனைவி.

தையல்காரம்மாதான் இஸ்திரிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் சைக்கிளில் சாவியோடு வந்து திறந்தபோது ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. பயில்வான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இன்னொரு சாவி போட்டுத் தரேன், நீ வெச்சுக்கம்மா," என்று மட்டும் தையல்காரம்மாவிடம் முணுமுணுத்தார். பத்து வருஷத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அந்த வாரமே படி காலியானது. நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் போய் முதல் மாடியில் வைத்தார்கள். தூக்கத் தெரியவில்லை என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், புயல் மழையில் நிஜமாகவே கால்வாய் உடைந்தது. தையல்காரம்மாவின் கூரை காற்றோடு போனது. அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு பயில்வான் வீட்டு மாடிக்கு ஏறினாள்.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் மூவரும் சீட்டாடினார்கள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத பயில்வான், சீட்டு ஈரமாகிவிட்டது என்று கடைசிவரை சாதித்தார்.